உள்ளே இருந்து போட்ட தாழ்

இன்னும் மூன்று பேர் பேச வேண்டும், அப்புறம் நான். புத்தகம் இப்போது ஆவுடையப்பன் கையில் இருக்கிறது. பேசுகிறவர் கையில் புத்தகம் இருக்க வேண்டும், அது கையில் இருக்கிறவரை யாரும் குறுக்கே பேசக் கூடாது என்பது இவர் போட்ட விதி. இவர் என்றால் என் வீட்டுக்காரர், தனுஷ்கோடி சார், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், இந்த வாசகர் வட்டம் ஆரம்பித்த நாளிலிருந்து தலைவர். நானும் ஆரம்பித்த நாளிலிருந்து வருகிறேன், டீ ஊற்ற. கோவில்பட்டியில் மூடிப்போன தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றின் மாடியில் மாதக் கடைசி ஞாயிறு சாயங்காலம் கூடுவார்கள். தீப்பெட்டி வேலை நின்று எத்தனையோ காலம் ஆகியும் சுவரிலிருந்து மருந்து வாசனை போகவில்லை. வெயில் ஏறினால் கூடுதலாக வரும். இன்று பதினான்கு பேர், பதினைந்து டம்ளர் கொண்டுவந்தேன், ஒன்று விளிம்பு நெளிந்தது, அது எனக்கு. நான் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் வாசிப்பேன். இவர் கொண்டுவருகிற புத்தகத்தையெல்லாம் இவர் தூங்குகிற மத்தியானத்தில் வாசித்துவிட்டு, இருந்த இடத்தில், அடையாளம் வைத்த பக்கம் மாறாமல் வைத்துவிடுவேன். பேசியதில்லை. நாலு பேர் என் முகத்தைப் பார்த்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். போன மாதம் பேராசிரியை ரெஜினா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்: "சார், வீட்டுக்குள்ளயே ஒரு வாசகி இருக்காங்க, அவங்கள டீ ஊத்தவே வச்சிருக்கீங்களே?" இவர் சிரித்தார். "நான் என்ன அவ வாயைப் பொத்திக்கிட்டா இருக்கேன்? பேசட்டுமே." இன்று காலையில் சவரம் பண்ணிக்கொண்டே கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சொன்னார்: "பனியை வர்ணிச்ச விதம் நல்லாருக்குன்னு சொல்லு. வாசிக்கும்போது நமக்கே குளிருதுன்னு சொல்லு. அது போதும். உளறி வைக்காத, என்ன?" சரி என்றேன்.

குளிரத்தான் செய்தது. கத்திரி வெயிலில், அடுப்படித் தரையில் உட்கார்ந்து வாசிக்கும்போது எனக்குக் கை விறைத்தது. இருநூறு வருஷத்துக்கு முந்தின கதை. வடக்கே, பாதி வருஷம் எல்லாம் உறைந்து கிடக்கிற ஒரு காட்டில் தோல் வியாபாரம் பண்ணுகிற வெள்ளைக்காரக் கம்பெனியின் மரக்கோட்டை. டங்கன் என்பவன் அங்கே அதிகாரி. பொழுது சாயும்போது கொம்பு ஊதுவான். அதற்குப் பிறகு கதவு திறக்காது, யாராக இருந்தாலும். ஓநாய் பயம் என்பான், திருட்டு பயம் என்பான், ஆனால் எல்லாவற்றையும் விட அவனுக்குத் தன் சொல் நிற்க வேண்டும். எலியாஸ் என்று ஒரு துபாஷி, இரண்டு பக்கத்துக்கும் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்கிறவன், அந்தக் காட்டு ஜனங்களின் பெண்ணைக் கட்டியவன். ஒரு காலையில் கதவைத் திறந்தால் அவன் முழங்கால் போட்டபடி, நெற்றியைக் கதவில் வைத்தபடி உறைந்து இருக்கிறான். மண் இரும்பு மாதிரி கிடப்பதால் குழி தோண்ட முடியவில்லை. விறகுக் கொட்டகையில் போட்டு வைக்கிறார்கள். பனி இளகத் தொடங்கும்போது வெளியிலிருந்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வருகிறான். காட்டு ஜனங்கள் கொன்றார்களோ, விஷமோ என்று பாதிப் புத்தகம் தேடுகிறான். கோட்டைக்குள் இருந்த ஒவ்வொருவனும் சொல்வது ஒரே பதில்: காற்று பலமாக அடித்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் அந்த அதிகாரி செத்தவனின் முட்டியில் கிழிந்திருந்த கம்பளிக் கையுறையைக் கழற்றிப் பார்க்கிறான். விரல் முட்டி எல்லாம் எலும்பு தெரியத் தேய்ந்திருக்கிறது. தட்டியிருக்கிறான். இரவு முழுக்கத் தட்டியிருக்கிறான். கதவுக்கு அடுத்த அறையில் டங்கன் விளக்கை வைத்துக்கொண்டு வேதம் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறான். தாழ் உள்ளே இருந்து போட்டது. இவ்வளவும் தெரிந்த பிறகு அந்த அதிகாரி "குளிரினால் மரணம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியில் ஏறிப் போகிறான். அந்தப் பக்கத்தில் நான் நிறுத்திவிட்டேன். உலையில் சோறு குழைந்துவிட்டது. இவர் சாப்பிடும்போது, "என்ன இது, கஞ்சியா?" என்றார்.

ஆவுடையப்பன் பேசுவது பாதி காதில் விழுகிறது. இன்சூரன்ஸ் ஏஜெண்ட், எதையும் சிரிப்பாக்காமல் விடமாட்டார். "அண்ணாச்சி, நான் அந்த ஊர்ல இருந்திருந்தா எலியாசுக்கு ஒரு பாலிசி போட்டிருப்பேன். ஆனா கிளெய்ம் குடுத்திருக்க மாட்டோம், கதவு சாத்துன பெறவு வெளிய நின்னது அவன் தப்புல்லா?" எல்லாரும் சிரிக்கிறார்கள். இவரும் சிரிக்கிறார், மேல் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். இவர் தலைமையுரையில் மானுடம் என்ற சொல்லை ஆறு தடவை சொன்னார். டங்கனைப் பற்றிச் சொல்லும்போது குரலை இறக்கி, கையை நெஞ்சில் வைத்து, "அவன் கொலைகாரன் இல்ல. கட்டுப்பாட்டுக்கும் பாசத்துக்கும் நடுவுல நசுங்குன மனுஷன். அந்தக் கதவுக்குப் பின்னால அவன் மனசு எவ்வளவு அழுதிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க" என்றார். யோசித்துப் பார்த்தேன். அழுதிருந்தால் கண் வீங்கியிருக்கும். நான் ராஜபாளையத்திலிருந்து திரும்பி வந்த அன்று இவர் கண் வீங்கியிருக்கவில்லை. முந்தின நாள் நான் ஈயச் சொம்பில் வைத்துவிட்டுப் போன ரசம் அடியோடு காலியாகியிருந்தது, அதுவும் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டேன். "யாராச்சும் வந்தாகளா?" என்று கேட்டேன். வாசலில் நான் போட்டுவிட்டுப் போன கோலத்தில் காலடி பட்டிருந்ததைப் பார்த்துக் கேட்டேன். "யார் வாரா? யாரும் வரல" என்றார். பேப்பரை மடித்து வைத்துக்கூடச் சொல்லவில்லை. பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார்.

அன்று வந்தது என் மகள் செண்பகா. எங்களுக்கு ஒரே பெண். அதற்கு முன்பே இரண்டு தடவை மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்துவிட்டாள், இரண்டு தடவையும் இவர் பஸ் ஏற்றித் திருப்பி அனுப்பினார். இரண்டாம் தடவை பஸ் ஸ்டாண்டில் வைத்து, "இனிமே இப்படிப் பையைத் தூக்கிக்கிட்டு வந்தேன்னா கதவு திறக்காது" என்று சொன்னார், பக்கத்தில் நான் நின்றேன், கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன், கோபத்தில் யார்தான் என்ன சொல்லவில்லை. மூன்றாம் தடவை வந்தபோது நான் ஊரில் இல்லை, ராஜபாளையத்தில் தம்பி மனைவிக்குப் பிரசவம். சரியான மத்தியானம். தெருவில் காக்காய்கூட இல்லை. எதிர்வீட்டு ஜெபமணியக்கா பார்த்திருக்கிறாள். செண்பகா கதவைத் தட்டியிருக்கிறாள், "அப்பா, நான்தான்" என்று சொல்லியிருக்கிறாள், திரும்பத் தட்டியிருக்கிறாள். உள்ளே இருந்து, "உன் வீடு அங்க இருக்கு" என்று ஒரு குரல் வந்திருக்கிறது. அவ்வளவுதான். ஜெபமணியக்கா கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். "அம்மா எப்ப வருவாக?" என்று கேட்டிருக்கிறாள் என் பிள்ளை. தெரியாது என்றதும் வெயில் தாழும்வரை அந்தப் படியிலேயே உட்கார்ந்து எங்கள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போயிருக்கிறாள். உள்ளே வந்து படு என்று அக்கா கூப்பிட்டதற்கு, இல்லை, அப்பா திறந்தால் நான் வெளியே நிற்பது தெரிய வேண்டும் என்றாளாம். அடுத்த மாதம் மாப்பிள்ளை ஊர்க் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். பதினாறாம் நாள் முடிந்து, பின்கட்டில் நான் பாத்திரம் கழுவும்போது ஜெபமணியக்கா பக்கத்தில் வந்து குத்தவைத்து இதையெல்லாம் சொன்னாள். சொல்லிவிட்டு, "நான் சொன்னேன்னு சாருக்குத் தெரிய வேண்டாம் கனி" என்றாள். தெரியாது. இன்றுவரை இவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்று. அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது அந்த மத்தியானம் உலகத்தில் இரண்டு பேரிடம் இருக்கிறது, ஒருவர் மேடையில் உட்கார்ந்திருக்கிறார், இன்னொருத்தி டீ கேனுக்குப் பக்கத்தில்.

புத்தகம் வக்கீல் கோமதிநாயகத்தின் கைக்குப் போய்விட்டது. இன்னும் இரண்டு. ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டிக் என்கிறது. அன்று ஃபேன் ஓடியதா? இந்த இடத்தில்தான் எப்போதும் மாட்டிக்கொள்வேன். எங்கள் வீட்டு ஃபேன் அப்போது பெரிய சத்தம் போடும். ஃபேன் ஓடியிருந்து, இவரும் அயர்ந்து தூங்கியிருந்தால் முதல் தட்டு கேட்டிருக்காது. அதை இவருக்கு விட்டுக்கொடுத்தேன். இரண்டாம் தட்டும் கேட்கவில்லை என்று வைத்தேன். தெருவில் லாரி போயிருக்கலாம் என்றுகூட வைத்தேன். யார் கணக்கிலும் ஒரு தப்பு வரக் கூடாது எனக்கு, இவர் கணக்கிலும் வரக் கூடாது. ஆனால் "உன் வீடு அங்க இருக்கு" என்று ஒரு வார்த்தை வந்திருக்கிறதே. கேட்காதவன் பதில் சொல்வானா? அப்போ ஜெபமணியக்கா கேட்டது வேறு யார் குரலாவது இருக்குமோ, ரேடியோவோ, என்று ஒரு வருஷம் அதையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அப்போது ரேடியோ ரிப்பேருக்குப் போயிருந்தது. மறுபடி ஃபேனுக்கு வருவேன். மறுபடி லாரிக்கு வருவேன். இவரே ஒருநாள் சொல்வார் என்று இருந்தேன். இரவு படுக்கும்போது சொல்லாவிட்டாலும் காய்ச்சலில் சொல்வார், நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது சொல்வார் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் திறந்து, "பென்சன் பாஸ்புக் பத்திரமா இருக்கா?" என்று கேட்டார்.

"சட்டம் என்ன சொல்லுது?" என்கிறார் கோமதிநாயகம். புத்தகத்தை உள்ளங்கையில் தட்டித் தட்டிப் பேசுகிறார். "ஒருத்தன் சாகுறதைக் கையைக் கட்டிக்கிட்டுப் பார்த்தா அது கொலை ஆகாது. காப்பாத்த வேண்டிய கடமை இருக்கணும். டங்கனுக்கு என்ன கடமை? அவன் என்ன எலியாசைப் பெத்த அப்பனா?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அப்பனா இருந்தா கேஸே வேற" என்றார். யாரோ சிரித்தார்கள். நான் இவரைப் பார்த்தேன். இவர் மேஜை விரிப்பில் ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். இழுக்க இழுக்க அது நீண்டது. சட்டென்று நிமிர்ந்து, "கனி, டீ ஊத்து, எல்லாருக்கும் தொண்டை காஞ்சுபோச்சு" என்றார். வக்கீல் கையில் புத்தகம் இருக்கும்போதே சொன்னார். தான் போட்ட விதியைத் தானே மீறி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. ஊற்றினேன். ஒரு டம்ளரும் சிந்தவில்லை. அது எனக்கே பயமாக இருந்தது. இவருக்குக் கொடுக்கும்போது டம்ளரின் சூடு தாங்காமல் இவர்தான் விரலை உதறினார். "பனி வர்ணனை, ஞாபகம் இருக்குல்ல?" என்றார் மெதுவாக. இருக்கிறது. எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

அந்தக் கதையில் குளிர் ஒரு நல்ல காரியம் செய்தது. எலியாசை அப்படியே வைத்திருந்தது. மாதக்கணக்கில் விறகு எடுக்கப் போன ஒவ்வொருவனும் அவனைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. கடைசியில் வந்தவனால்கூட அந்த விரலைப் பார்க்க முடிந்தது. இங்கே என்ன இருக்கிறது, வெயில். கிணற்றில் கிடந்த உடம்பு, வெயில் காலம், ஆஸ்பத்திரியில் துணி சுற்றிக் கொடுத்துவிட்டார்கள், முகத்தை மட்டும் திறந்து காட்டினார்கள், அதுவும் முகம் மாதிரி இல்லை. சீக்கிரம், சீக்கிரம் என்றார்கள். அவள் கையைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்போது எனக்குக் கதவு விஷயம் தெரியாது. தெரிந்தபோது கை இல்லை. அவள் என்ன எலும்பு தேயவா தட்டியிருப்பாள், மெதுவாகத்தான் தட்டுவாள், என்னைப் போல, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று தட்டியிருப்பாள். ஸ்டேஷனில் என்ன எழுதினார்கள் என்றால், தீராத வயிற்றுவலி, அதனால் மனமுடைந்து. எங்கள் பக்கத்துப் பேப்பரில் தினமும் ஒரு பெண்ணுக்காவது வயிற்றுவலி வரும். சின்ன வயதிலிருந்தே இருந்தது என்று வாக்குமூலம் கொடுத்தது யார்? அப்பா கொடுத்தார். தலைமையாசிரியர் சொன்னால் எந்தப் போலீஸ்காரர் மறுத்துக் கேட்பார். என் வயிற்றில் பிறந்தது, பத்து மாதம் சுமந்து, இருபத்திரண்டு வயதுவரை ஆக்கிப் போட்டவள் நான், ஒருநாள் ஓமத்தண்ணீர் கொடுத்ததில்லை அவளுக்கு. கல்லைத் தின்றாலும் செரிக்கும் வயிறு. மாப்பிள்ளை வீட்டார் மேல் கேஸ் வந்தால், அன்றைக்கு ஏன் திருப்பி அனுப்பினீர்கள் என்று கேள்வி வரும். கேள்வி வரக் கூடாது என்று இவர் அவளுக்கு ஒரு வலியைக் கொடுத்தார். டங்கன் அதைச் செய்யவில்லை. டங்கனாவது கேட்கவில்லை என்றதோடு நிறுத்திக்கொண்டான்.

ரெஜினா என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. வெள்ளைக்காரன், அதிகாரம், நிலம் என்று என்னவோ வந்தது, நல்ல பெண், எதையும் மனதார நம்பிப் பேசுவாள். இப்போது என் முன்னால் நின்று புத்தகத்தை நீட்டுகிறாள். நூலகப் புத்தகம், அட்டைக்கு மேல் ஒட்டின தாள் ஓரத்தில் பெயர்ந்திருக்கிறது. "வாங்கம்மா, பயப்படாதீங்க. மனசுல பட்டதைச் சொல்லுங்க." எழுந்து நிற்கிறேன். பதினான்கு முகம். நாக்கு மேலே போய் ஒட்டுகிறது. இவர் மேஜையில் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டுகிறார், சுருக்கமாக என்று அர்த்தம், வகுப்பில் பையன்களுக்குக் காட்டுவது. "பனி..." என்கிறேன். இருமிக்கொள்கிறேன். "பனி வர்ணனை நல்லா இருக்கு." இவர் தலையை ஆட்டுகிறார். இதோடு உட்கார்ந்துவிடலாம். உட்கார்ந்தால் டம்ளர் கழுவலாம், வீட்டுக்குப் போகலாம், இட்லிக்கு மாவு இருக்கிறது. இவரும் ஒருநாள் போய்விடுவார், நானும் போய்விடுவேன், அந்த மத்தியானம் யாரிடமும் இருக்காது. செண்பகாவுக்கு வயிற்றுவலி மட்டும் இருக்கும். அது மட்டும் என்றைக்கும் இருக்கும்.

"குளிருதான் கொன்னுச்சுன்னு எழுதுனாக" என்கிறேன். "குளிரு கொல்லல. வெயில் அடிக்கிற ஊர்லயும் இப்படி நடக்கும். ஒரு பிள்ள, கட்டிக்குடுத்த எடத்துல தாங்க முடியாம, மத்தியானத்துல அப்பன் வீட்டுக் கதவைத் தட்டுது. அப்பா நான்தான்னு சொல்லுது. அம்மா ஊர்ல இல்ல. அப்பா உள்ளதான் இருக்காரு. உன் வீடு அங்க இருக்குங்காரு. தாழ் உள்ள இருந்து போட்டது. அந்தப் பிள்ள எதுத்த வீட்டுப் படியில உக்காந்து, கதவு திறக்குமான்னு பொழுது தாழ பார்த்துட்டுப் போயி, அடுத்த மாசம் கிணத்துல விழுந்துருது. வயித்துவலின்னு எழுதுறாக. யாரு சொன்னதுன்னா, அப்பன் சொன்னது." இவ்வளவு நீளமாக நான் பேசியது இல்லை. மூச்சு வாங்குகிறது. பிறகு ரெஜினா கையைத் தட்டுகிறாள், அவளைப் பார்த்து மற்றவர்களும் தட்டுகிறார்கள். "என்ன அருமையா நம்ம மண்ணுக்குக் கொண்டுவந்துட்டாங்க பாருங்க! பனியை வெயிலா மாத்திட்டாங்க! சார், இவ்வளவு நாளா இவங்கள எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்கிறாள், கண்ணில் நீர் நிற்கிறது அவளுக்கு. ஆவுடையப்பன், "மதினி, கதை எழுதலாமே நீங்க!" என்கிறார். இவர் கை மட்டும் தட்டவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்திருக்கிறது. இவர் என்னைப் பார்க்கிறார். கலியாணம் ஆனதிலிருந்து இப்படிப் பார்த்ததில்லை, யார் இவள் என்று முதல் தடவையாகக் கேட்கிற பார்வை.

கைதட்டல் ஓய்கிறவரை நிற்கிறேன். "அந்தப் பிள்ள பேரு செண்பகா" என்கிறேன்.

ரெஜினாவின் இரண்டு கையும் சேர்ந்தபடி நின்றுவிட்டன. இவர் எழுந்துவிட்டார். எழுந்து, துண்டைத் தோளில் சரி பண்ணி, அந்தக் குரலில், தலைமையுரைக் குரலில், ஆனால் கொஞ்சம் உடைத்து, "மன்னிக்கணும். பொண்ணு போனதுலேர்ந்து அப்பப்ப இவளுக்கு இப்படி ஆகும். எதையாவது வாசிச்சா தன் கதைன்னு தோணிரும். பேச வச்சது என் தப்பு" என்கிறார். மற்ற பதின்மூன்று முகமும் இளகிவிட்டன, நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது இளகிவிட்டன, இவர்மேல் இரக்கத்தில். ஆவுடையப்பன், "மதினிக்குத் தண்ணி குடுங்கப்பா, அந்த ஃபேனை இந்தப் பக்கம் திருப்புங்க" என்கிறார். ரெஜினா என் தோளை அணைத்துக்கொண்டு, "உட்காருங்கம்மா, உட்காருங்க" என்கிறாள். வக்கீல் மட்டும் இவரையே ஒரு நிமிஷம் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார். நடக்கவில்லை என்று இவர் சொல்லவில்லை. அவள் வரவில்லை, நான் கதவைத் திறந்தேன், எனக்குக் கேட்கவில்லை, ஒன்றையும் இவர் சொல்லவில்லை. ஒருவருக்கும் அது தட்டுப்படவில்லை. "அடுத்த மாசம் எந்த நாவல்னு முடிவு பண்ணிரலாமா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்கிறார்கள். தண்ணீர் வருகிறது, வாங்கிக் குடிக்கிறேன், முழுவதும் குடிக்கிறேன், தொண்டை நன்றாக இருக்கிறது. ரெஜினாவின் கையைத் தோளிலிருந்து மெல்ல எடுத்துவிடுகிறேன். உட்காரவில்லை. "நான் அன்னைக்கு ராஜபாளையம் போயிருந்தேன்" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன், இந்தத் தடவை அந்த மத்தியானத்தில் இருந்த எல்லாரையும் பேர் சொல்லி.